நுளம்பையும் தாய் என்று எழுதியவர்

நகரத்துப் பொது நூலகத்தில் அந்தப் புத்தகம் சமையல் குறிப்புகளுக்குப் பக்கத்தில் இருந்தது. அட்டையில் ஒரு கேத்தில் படம் இருந்ததால் யாரோ அங்கே வைத்திருக்க வேண்டும். நானும் சமையல் புத்தகம் என்று நினைத்துத்தான் எடுத்தேன். மகளைப் பாடசாலையிலிருந்து கூட்டிவர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நின்றபடியே முதல் கட்டுரையை வாசித்தேன்.

தண்ணீர் கொதிப்பதற்கு முன் கேத்தில் ஏன் முனகுகிறது என்பதுதான் அந்தக் கட்டுரை. அடியில் பிறக்கும் குமிழிகள் மேலே வரும் வழியில் குளிர்ந்த நீரில் அகப்பட்டு உடைகின்றன, நமக்குக் கேட்பது அவை உடையும் சத்தம் என்று விளக்கியிருந்தார். முழுவதும் கொதித்த பிறகு அந்த முனகல் அடங்கிவிடும் என்பதை, வீட்டில் ஒரு கோபக்காரரை வைத்திருப்பவர்கள் நம்பமாட்டார்கள் என்று கடைசியில் ஒரு வரி. எனக்குச் சத்தமாகச் சிரிப்பு வந்துவிட்டது. நூலகர் நிமிர்ந்து பார்த்தார். மன்னிப்புக் கேட்பது போலத் தலையை ஆட்டிவிட்டுப் புத்தகத்தைப் பதிந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில், எங்கள் நகரத்துக்குள் எப்போதும் திரியும் மான்களில் இரண்டு, யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டு நின்றன. ஏழு வயதுப் பிள்ளையின் தாய் இப்படிப் பகலில் நின்று சிரித்துக்கொண்டிருப்பது சரியா என்று பாடசாலை போகும் வழியெல்லாம் யோசித்தேன். அப்படி யோசிப்பது என் பழக்கம்.

அந்த எழுத்தாளரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் பிழை என்னுடையது. அது அவருடைய பெயருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். ஒரு காலத்தில் ஆய்வுகூடங்களில் வேலை செய்தவர், பிறகு சாதாரண ஆட்களுக்காக எழுத வந்தவர் என்று பின்னட்டையில் இருந்தது. அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கும் தெரியாது.

நான் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தவள். பல்கலைக்கழகத்துக்குச் சற்றுக் குறைவாகப் புள்ளி வந்தது. ஆனால் படித்த காலத்தில் விஞ்ஞானம் என்னை ஒருநாளும் சிரிக்க வைத்ததில்லை. எங்களுக்கு விஞ்ஞானம் என்றால் சரியான விடை. செய்முறை வகுப்பில் ஊசலை ஆட்டி, நேரம் எடுத்து, புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காண வேண்டும். காணவேண்டிய விடை எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். எங்கள் ஊசல் ஏனோ அந்த விடைக்கு வராது. யன்னலால் வரும் துறைமுகக் காற்று ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆகவே விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குச் செய்து, ஊசல் எத்தனை செக்கன் எடுத்திருக்க வேண்டுமோ அதை அட்டவணையில் நிரப்புவோம். பார்ப்பவர் நம்ப வேண்டும் என்பதற்காக ஒன்றிரண்டு எண்களை மட்டும் கொஞ்சம் பிசகவிடுவோம். என் கொப்பி வகுப்பில் பெயர் போனது. நாலைந்து பேர் அதைப் பார்த்து எழுதினார்கள். அது பொய் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. நேர்த்தி என்றுதான் நினைத்தோம்.

இந்தப் புத்தகத்தில் நேர்த்தி குறைவு. அவர் செய்து பார்த்தவற்றில் பாதி பிழையாகிப்போகின்றன. தோசை மா எவ்வளவு நேரத்தில் எவ்வளவு பொங்குகிறது என்று அளக்கப்போய், அளவுகோலை மாவுக்குள் விட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார். ஈரத்துணி வெயில் இல்லாத நாளிலும் காற்றில் ஏன் காய்கிறது என்று சொல்லவந்தவர், தன் சட்டை அயல்வீட்டுக் கூரைக்குப் பறந்த கதையைச் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் ஆவியாதலுக்கு வருகிறார். சில இடங்களில் பகிடி கொஞ்சம் கூடிப்போகிறது என்றும் எனக்குப் பட்டதுண்டு. ஆனாலும் குசினியில் சோறு வேகும்வரை ஒரு கட்டுரை, மகள் வீட்டுப்பாடம் செய்யும்போது ஒரு கட்டுரை என்று வாசித்து வந்தேன்.

நுளம்பைப் பற்றிய கட்டுரையை இரவுச் சாப்பாட்டின்போது கணவருக்கு வாசித்துக் காட்டினேன். இரத்தம் குடிப்பது பெண் நுளம்பு மட்டும்தான், அதுவும் தன் முட்டைகளுக்காக. ஆண் நுளம்பு பூத்தேனைக் குடித்துவிட்டு வேலிப்பக்கம் திரிகிறது. பிள்ளைகளுக்கு வேண்டியதைத் தேடி, அடிவாங்கிச் சாகவும் துணிந்து வீட்டுக்குள் வருகிறவள் தாய்தான். ஆகவே அடுத்த முறை கையை ஓங்கும்போது ஒரு கணம் அவளுக்கு மரியாதை செலுத்திவிட்டு அடிக்கும்படி அவர் கேட்டிருந்தார்.

"மரியாதை செலுத்தி முடியிறதுக்குள்ள அவ முட்டையிட்டுப் பேரப்பிள்ளையும் கண்டுடுவா" என்றார் கணவர். மூவரும் சிரித்தோம்.

மழை விட்டு இரண்டு கிழமையில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனையில் டெங்கு என்றார்கள். அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உடுப்பு, துவாய், சுடுதண்ணீர்ப் போத்தல் என்று அவசரத்தில் பைக்குள் போட்டவற்றோடு அந்தப் புத்தகமும் வந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. பூச்சட்டித் தட்டுகளில் நான் தண்ணீர் விட்டுவைக்கவில்லை, கிணற்றடி வாளியைக் கவிழ்த்துத்தான் வைப்பேன். அப்படியானால் எங்கே கடித்தது? பின்வளவில் ஒரு சிரட்டை கிடந்திருக்குமோ? அந்தத் தாய்க்கு மரியாதை செலுத்தச் சொன்ன ஆளை என்ன செய்வது?

ஆஸ்பத்திரியின் சிறுவர் விடுதியில் பிள்ளைகள் பகலிலும் நுளம்பு வலைக்குள்தான் கிடந்தார்கள். எங்களுக்கு அடுத்த கட்டிலில் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு தாய், பத்து வயது மகளுடன் இருந்தார். அந்தப் பிள்ளை தேறிக்கொண்டிருந்தாள். அன்று பின்னேரம் மகள் உறங்கியபோது நான் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். எடுத்ததும், வருத்தக்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து கதைப்புத்தகம் வாசிக்கிறாள் என்று நினைப்பார்களோ என்று மூடப்போனேன்.

"என்ன புள்ள, சோதினையா?" என்று கேட்டார் பக்கத்துக் கட்டில் அக்கா.

"இல்லையக்கா. சும்மா. நுளம்பைப் பற்றி."

"அல்லாவே, இஞ்ச கிடந்து கடிக்கிறது காணாதெண்டு அதப்பத்திப் படிக்கவும் வேணுமா? சரி, என்ன சொல்றார்?"

சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப ஆம்புள நுளம்பு வேலியில திரியிது, பொம்புள நுளம்பு அடிவாங்குது! இத எழுதின ஆளு எங்கட ஊட்ட வந்து பாத்திருக்கார் புள்ள" என்றார். அவருடைய மகளும் வலைக்குள் கிடந்தபடி சிரித்தாள். எனக்கு அந்த எழுத்தாளர் மீதிருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது.

அடுத்த நாள் காலையில் காய்ச்சல் விட்டது. நான் மகிழ்ந்தேன். இளம் வைத்தியர் வந்து, இனித்தான் கவனம் தேவை என்றார். காய்ச்சல் விடும் நேரத்தில் இரத்தக் குழாய்களிலிருந்து தண்ணீர் கசியத் தொடங்கலாம். உடம்புக்குத் தண்ணீர் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. ஆகவே கையில் மெதுவாக ஏறும் சேலைனோடு, மணிக்கு ஐம்பது மில்லிலீற்றர் குடிக்கவும் கொடுக்க வேண்டும். உள்ளே போவதையும் சலமாக வெளியே வருவதையும் அளந்து, கட்டிலின் காலடியில் தொங்கும் தாளில் நான்தான் எழுத வேண்டும்.

"நாங்கள் இந்தத் தாளைப் பாத்துத்தான் முடிவெடுக்கிறது அம்மா. விளங்குதோ?" என்றார்.

"ஓம் டொக்டர்" என்றேன். தாளில் நேர்கோடுகள் போட்டு மணிகளை எல்லாம் முன்கூட்டியே அழகாக எழுதி வைத்தேன்.

எட்டு மணிக்கு ஐம்பதும் குடித்தாள். ஒன்பது மணிக்கு இளநீர் இருபதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ர குஞ்செல்லோ, இன்னும் ஒரு வாய்."

"ஏலாதம்மா. சத்தி வருது."

"கொஞ்சம்தானே. அம்மாவுக்காக."

"அம்மாவுக்கு வேணுமெண்டால் அம்மா குடியுங்கோவன்."

கோப்பையில் முப்பது மிஞ்சி நின்றது. தாதி கட்டில் கட்டிலாகத் தாள்களைப் பார்த்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். கந்தளாயிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். தாய்மொழி சிங்களம். எங்களோடு தமிழில் நிதானமாகப் பேசுவார், பிழை கண்டால் விடவும் மாட்டார். நான் தாளில் ஐம்பது என்று எழுதினேன். மிஞ்சியதைக் கைகழுவும் தொட்டிக்குள் ஊற்றினேன்.

ஏச்சுக்குப் பயந்தேன் என்பது உண்மை. அது மட்டும் இல்லை. ஐம்பது கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். சொன்னதைச் செய்ய முடியாத தாயாக அந்தத் தாளில் நிற்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மணியில் கூடக் கொடுத்துச் சரிசெய்துவிடலாம் என்றும் நினைத்தேன். அடுத்த மணியில் பதினைந்துதான் குடித்தாள். திரும்பவும் ஐம்பது என்று எழுதினால் நம்பமாட்டார்கள் என்று நாற்பத்தைந்து எழுதினேன். பதினொரு மணிக்கு மறுபடி இருபது. ஐம்பது என்று எழுதினேன். பன்னிரண்டுக்கும் அப்படியே கூட்டி எழுதினேன். ஊசல் கொப்பி நிரப்பிய கை அது. ஒரு தயக்கமும் இல்லாமல் எழுதியது.

நண்பகலில் வந்த வைத்தியர் தாளை எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"குடிக்கிறது நல்லாத்தான் இருக்கு. சலம் காணாதே. இவ்வளவு குடிக்கிற பிள்ளைக்கு இவ்வளவுதானோ போகுது?" என்று என்னைக் கேட்டார். பிறகு தாதியிடம், "கசிவு கூடுது போல. இரத்தம் அனுப்புங்கோ. ரிசல்ட் வந்ததும் சேலைனை மாத்துவம். தேவையெண்டால் மற்ற வாட்டுக்கு மாத்தவேண்டி வரும்" என்றார்.

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் வேலை செய்வது சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் பகுதியில். தொலைபேசிகளை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வேலை முடியும்வரை மணி அடித்துக்கொண்டே இருக்கும். மகள் கண்ணை மூடிக் கிடந்தாள். கை குளிர்ந்திருப்பது போல இருந்தது. உண்மையில் குளிர்ந்திருந்ததா, என் பயமா என்று தெரியவில்லை. ஒருவேளை கசிவும் உண்மையாகவே இருக்கலாம், நான் எழுதிய எண்களால் ஒன்றும் மாறியிருக்காது என்று எனக்கு நானே சொன்னேன்.

கை எதையாவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் போல இருந்ததால் புத்தகத்தை எடுத்தேன். விரிந்த பக்கத்தில் ஒரு மழைமானியைப் பற்றிய கட்டுரை இருந்தது.

அவருடைய முதல் வேலை, ஒரு தோட்டத்தில் இருந்த மழைமானியைத் தினமும் காலையில் பார்த்து, மழையின் அளவைக் குறித்து வைப்பதாம். ஒரு நாள் விடியவிடியப் பெருமழை. போர்வையை விட்டு எழும்ப மனம் வரவில்லை. யன்னலால் பார்த்து ஒரு எண்ணை எழுதிவிட்டார். முழு எண்ணாக எழுதினால் சந்தேகப்படுவார்கள் என்று, புள்ளிக்குப் பிறகும் ஒரு இலக்கம் சேர்த்தார். பல ஆண்டுகள் கழித்து, அச்சடித்த ஒரு மழை அட்டவணையில் அதே எண்ணைக் கண்டாராம். கல்யாண வீட்டுக்குச் சொல்லாமல் வந்து முதல் பந்தியில் இருப்பவரைப் போல, மற்ற எண்களுக்கு நடுவே மிகுந்த மரியாதையோடு அது இருந்ததாம். அதுவும் அந்தப் புள்ளிக்குப் பிறகு வந்த இலக்கம், கழுத்துப்பட்டி கட்டியது போல. நான் சிரித்துவிட்டேன். அந்த நேரத்திலும் சிரித்தேன்.

அதற்கு அடுத்த பந்தியில் அவர் பகிடியை நிறுத்திவிடுகிறார். அந்த அட்டவணையை நம்பி யாரோ ஒருவர் ஒரு குளத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டிருக்கலாம். அந்த ஆளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தனக்கு ஆசை, ஆனால் அவருடைய முகவரி தன்னிடம் இல்லை என்று எழுதி, அத்தோடு கட்டுரையை முடித்துவிட்டார்.

எனக்கு முகவரி தெரியும். பத்தடி தூரத்தில், தாதி ஒரு மேசையில் இருந்து மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்போதும் உடனே எழும்பவில்லை. பக்கத்துக் கட்டில் அக்காவிடம் மெதுவாக, "அக்கா, நான் ஒரு பிழை செய்துபோட்டன். பிள்ளை குடிக்காததையும் குடிச்சதெண்டு எழுதிப்போட்டன்" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "அதுக்கு ஏன் என்னட்டச் சொல்ற? நானா மருந்து போடுறது? ஓடு புள்ள. நானும் முந்தாநாள் இப்பிடித்தான் செஞ்சி நல்லா வாங்கினன். ஏசுவா. ஏசட்டும். புள்ளய நான் பாத்துக்கிறன், நீ போ."

போனேன். தாளைத் தாதியின் மேசையில் வைத்தேன். "மிஸ், இதில இருக்கிறது சரியில்லை. ஒன்பது மணிக்கு இருபதுதான் குடிச்சவ. நான்தான் ஐம்பதெண்டு எழுதினனான்" என்றேன்.

தாதி மாத்திரைத் தட்டைத் தள்ளி வைத்தார். சிவப்புப் பேனையை எடுத்தார். "ஒன்பது, இருபது. பத்து மணி?"

"பதினைஞ்சு."

"பதினொண்டு?"

"இருபது. பன்னிரண்டுக்குப் பத்து. அதையும் நாப்பதெண்டு எழுதினனான்."

"சத்தி எடுத்ததா?"

"இல்லை மிஸ். குடிக்கேல்ல."

ஒவ்வொரு எண்ணையும் ஒரு கோட்டால் வெட்டி, மேலே புதியதை எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தை வைத்தார். உண்மையான எண்கள் எல்லாம் எனக்கு நினைவில் இருந்தன. ஒன்றுக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கூட்டிப் பார்த்துவிட்டு வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தார். அதை வைத்த பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அம்மா படிச்ச ஆள்தானே?"

மகளின் கட்டிலுக்குத் திரும்பினேன்.

வைத்தியர் இரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தார். தாளையும் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மகளின் கையை, வயிற்றை, நாக்கைப் பார்த்தார். அவர் ஏசவில்லை. "குடிச்சது குறைவு, அதாலதான் போறதும் குறைவு. கசிவு நான் நினைச்ச அளவுக்கு இல்லை. நான் பாத்தது வேற பிள்ளையின்ர தாள் மாதிரித்தான்" என்றார். சேலைன் அளவைத் தாதியிடம் சொன்னார். வாய்க்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாகக் கொடுக்கச் சொன்னார். போகும்போது திரும்பி, "ஒரு தேக்கரண்டிதான் குடிச்சாலும் அப்பிடியே எழுதுங்கோ. எங்களுக்கு அது காணும்" என்றார்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். பின்னேரம் ஐந்து மணியளவில் மகள் சலம் வருகிறது என்றாள். அளவுச் சாடியில் பிடித்துத் தட்டையான இடத்தில் வைத்து, பாடசாலையில் படித்தபடி கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுபோய்க் குந்தியிருந்து பார்த்தேன்.

"அம்மா, ஏனம்மா என்ர சலத்தை உப்பிடிப் பாக்கிறீங்கள்?"

"எவ்வளவு எண்டு பாக்கிறன் குஞ்சு."

"எவ்வளவு?"

நாற்பதுக்குச் சற்றுக் கீழே நின்றது. நாற்பது என்று எழுதினால் ஒருவருக்கும் ஒரு தீங்கும் வராது. கை அங்கேதான் போனது. இன்னொரு முறை குந்திப் பார்த்துவிட்டு, "முப்பத்தெட்டு" என்றேன். தாளிலும் அப்படியே எழுதினேன். அடுத்த முறை அறுபது வந்தது. அதற்கு அடுத்த நாள் பசிக்கிறது என்று அழுதாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

அந்த எழுத்தாளருக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுத மூன்று முறை தொடங்கினேன். முதல் கடிதம் மிக நீண்டுவிட்டது. இரண்டாவதில் என்னை நல்லவளாகக் காட்டியிருந்தேன். மூன்றாவதை முடிக்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு மருந்தைச் சீனியில் குழைத்துக் கொடுப்பது போல அவர் விஞ்ஞானத்தைப் பகிடியில் குழைத்துத் தருகிறார் என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. மழைமானிக் கட்டுரையில் அவர் என்னைச் சிரிக்க வைத்தது வேறு எவரையும் பார்த்து இல்லை, போர்வைக்குள் கிடந்த தன்னைப் பார்த்து. அப்படிச் சிரித்தபடி நான் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். அதே கதையை ஒரு புத்திமதியாக எழுதியிருந்தால், அன்று பக்கத்தைப் புரட்டிவிட்டிருப்பேன். எனக்குப் புத்திமதி சொல்ல ஏற்கனவே நிறையப் பேர் இருந்தார்கள், அதில் நானும் ஒருத்தி. நுளம்புக் கட்டுரையை மட்டும் இன்னும் என்னால் திரும்ப வாசிக்க முடியவில்லை. அதில் ஒரு சொல்லும் பிழை இல்லை.

எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னேன். அவர், "புத்தகம் இல்லாட்டியும் நீ சொல்லியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதோ?" என்றார். என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். நானும் அதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றினால்தான் மற்றது நடந்தது என்று சொல்வதற்கு, அந்த ஒன்றை எடுத்துவிட்டு மறுபடியும் செய்து பார்க்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். அந்தப் பிற்பகலை, அந்த வலைக்குள் கிடந்த பிள்ளையோடு, புத்தகம் இல்லாமல் இன்னொரு முறை நடத்திப் பார்க்க ஏலாது. ஆகவே கணவருக்கு நான் சொன்ன பதில், தெரியாது என்பதுதான்.